உப்புத்தண்ணி

அது 1983. செல்வாம்பாள் நெல்லித்தோப்பில் தனியாகக் குடியிருந்தாள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. ஒருநாள் வடித்த கஞ்சி கெண்டைக்காலில் கொட்டிப் புண்ணாகிவிட்டது. ஆறிவரும் தோலைக் கட்டுத்துணி பிய்த்துக்கொண்டே வந்தது. பக்கத்து வீட்டு அஞ்சலாட்சிதான் பொறுமையாகப் பிரித்துவிடுவாள். அவளும் மகனோடு நெய்வேலிக்குக் குடிபோய்விட்டாள். இனி யார் பிரிப்பது?

ஆய்வுக்கூடத்தில் ராமலிங்கம் என்பவர் கடல்பாசியிலிருந்து ஒரு ஜெல் செய்துகொண்டிருந்தார். பாசியின் இழைகளைச் சுண்ணாம்புச் சத்து கைகோத்து நிற்க வைக்கும். உப்பு பட்டால் கைகள் விட்டுப்போகும். பார்க்க நுங்கு மாதிரி இருந்ததால் செல்வாம்பாள் அதை நுங்கு என்றே சொன்னாள்.

"ஒங்க காலப் பாக்குற டாக்டரே சரின்னுட்டாரு. பூசிக் கட்டுங்க. காலைல உப்புத்தண்ணி ஊத்துனா தானா வந்துடும்," என்றார் அவர்.

மறுநாள் காலை செம்பு செம்பாக ஊற்றினாள். நுங்கு இளகவில்லை. வெளுத்து, இன்னும் இறுகியது. "அஞ்சலாட்சி," என்று பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டாள். சுவருக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லை.

நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனாள்.

"எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"நீங்க சொன்ன உப்புத்தண்ணிதான் சார். எங்க கெணத்துல வேற என்ன வரும்?"

ராமலிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டார். "தப்பு எம்மேலதான். கெணத்துத் தண்ணில சுண்ணாம்பு ஜாஸ்தி, அது இறுக்கத்தான் செய்யும். கொழாத் தண்ணியக் காய்ச்சி ஆறவச்சு, சோத்துல போடுற உப்பு கொஞ்சம் போட்டு ஊத்தணும்."

"அத அப்பவே சொல்லியிருந்தா எங்கெணறு தப்பிச்சிருக்கும். பாதித் தண்ணி காலி."

அவர் சிரித்துவிட்டார். "இங்கயே எடுத்துவுடச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார். தெனம் யாரு எடுத்துவுடுவா? நாந்தான் பழவணும்."

சாயங்காலம் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, உப்புப் போட்டு, மெல்ல ஊற்றினாள். காலையில் இறுகிப்போயிருந்ததால் நேரம் பிடித்தது. பிறகு ஓரம் கொழகொழத்தது. மொத்தமும் வழுக்கித் தட்டில் விழுந்தது. வலியே இல்லை. அடியில் ரோஜா நிறத்தில் புதுத்தோல், ஒரு கிழிசல்கூட இல்லாமல்.

'பாத்தியா' என்று வாய்வரை வந்தது. சொல்ல ஆளில்லை.

அன்று விளக்கு வைத்த பிறகும் அவள் கதவைச் சாத்தவில்லை. காலை வாசல் பக்கம் நீட்டி உட்கார்ந்திருந்தாள். தெருவில் போகிறவர் யாராவது, என்னக்கா ஆச்சு என்று கேட்டால், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லலாம் என்று இருந்தது.