சின்னத்தை முந்திய கப்புகள்

எங்கள் கட்சி இரண்டு வருஷம் உயிரோடு இருந்தது. அதன் கொள்கை பரப்புச் செயலாளர் நான். கொள்கை ஒன்றே ஒன்றுதான்: பீங்கான் பட்டறைத் தெருக்களுக்குச் சாக்கடை. டீக்கடையில் பத்துப் பேராக ஆரம்பித்தோம். மனு எழுதுவது என் வேலை. எழுதி எழுதி இரண்டு தெருவுக்குச் சாக்கடை வந்ததும் கூட்டம் சேர்ந்தது. கொடிக்கம்பம்கூட நட்டோம்.

நகராட்சித் தேர்தலில் எங்கள் கட்சித் தலைவர் வார்டு கவுன்சிலருக்கு நின்றார். சூளையிலேயே வயசைக் கழித்தவர். அவர் தோற்றால் கட்சியும் இல்லை, மிச்சத் தெருக்களுக்குச் சாக்கடையும் இல்லை.

சுயேச்சைச் சின்னங்களில் கப்பும் சாசரும் இருப்பதைக் கண்டுபிடித்தவன் நான்தான்.

"அண்ணே, பொம்மைக் கப்பாச் சுட்டு, தெருவுக்குத் தெரு தோரணம் கட்டிடலாம். வார்த்து, காயவெச்சு, சுட நாளாவும். இப்பவே ஆரம்பிங்க."

"சின்னம் இன்னும் குடுக்கலியே தம்பி."

"பீங்கான் ஊருல நமக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?"

படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிய கடைசி மனிதர் அவர். தோரணம் கட்டி முடித்தோம். குலுக்கலில் கப்பும் சாசரும் எங்களை எதிர்த்து நின்ற சைக்கிள் கடைக்காரருக்குப் போனது. எங்களுக்குச் சீப்பு. தலைவருக்கு முழு வழுக்கை.

ஏணியோடு அவிழ்க்கப் போனோம். தெருப் பெண்கள் விடவில்லை. "அழகா இருக்குது, வுட்டுட்டுப் போங்க." சைக்கிள் கடைக்காரர் வழியில் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார். ஜெயித்தும் விட்டார்.

அடுத்த கூட்டத்தில் துணைத்தலைவர் எழுந்தார். "இத எந்தப் புத்திசாலி சொன்னதுங்க?"

நான் தரையில் ஓடிய எறும்பை ஆராய்ந்தேன்.

"நான்தான்யா," என்றார் தலைவர். "சூளைக்காரனுக்குச் சுடறதத் தவிர என்னா தோணும்?"

சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. கட்சி அன்றோடு சரி. எதிராளிக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்த தலைவர் என்று ஊர் அவரை மாசக்கணக்கில் கிண்டலடித்தது. கிண்டலடித்த இடங்களில் நானும் டீ குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"என்னத் திட்டுனா நான் சூளைக்குப் போயிடுவேன். உன்னத் திட்டுனா நீ ரோஷத்துல வூட்டோட ஒக்காந்துக்குவ. அப்புறம் மனு யாரு எழுதறது?"

என்னை அவ்வளவு சரியாக யாரும் எடை போட்டதில்லை. அன்றைக்கே மூன்றாவது தெருவுக்கு மனு எழுதினேன். புதுக் கவுன்சிலரிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். இப்போது அங்கே பள்ளம் தோண்டுகிறார்கள். நான்காவது தெருவுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.