ஏழாங்கட்டை ஸ்டேஷனும் ஒரு மரப்படியும்

வெயில் ஏறியதும், தண்டவாளத்துக்கு அடியில் போட்டுக் கழித்த பழைய சிலிப்பர் கட்டைகளிலிருந்து தார் கசியும். அந்த வாடை மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வரும். யாரோ விழப்போகிறார்கள் என்று என் உடம்புக்கு அப்படியொரு பழக்கம். ஸ்டேஷனுக்கு வடக்கே தண்டவாளத்தை ஒட்டி அந்தக் கட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து, பாவாடையையும் கால்சட்டையையும் கறுப்பாக்கிக்கொண்டு, மூன்றாம் வகுப்பு ஜனங்கள் ரயிலிலிருந்து குதிப்பதை வேடிக்கை பார்ப்பதுதான் எங்கள் கூட்டத்தின் முழுநேர வேலை. கூட்டத்துக்குத் தலைவி நான். வயது ஒன்பது, கால்கள் ஈர்க்குச்சி, பல்வரிசை பாதி காலி. வீட்டில் எனக்கு வைத்த பெயர் எனக்கே மறந்துபோகும் அளவுக்கு எல்லோரும் என்னைக் "கொரங்கு" என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஜொகூர் பாருவிலிருந்து ஏழாவது மைல் எங்கள் ஸ்டேஷன். மைலைக் "கட்டை" என்பது எங்கள் பக்கத்து வழக்கம், ஆகவே ஏழாங்கட்டை. கடலுக்குக் குறுக்கே "தம்பாக்" என்கிற கல்பாலம் போட்டு, ரயில் நேராகச் சிங்கப்பூருக்கே போக ஆரம்பித்த பிறகு அதற்கு வாழ்வு வந்தது. காலை வண்டியில் கணக்கெழுதும் கிராணிமார்களும் காய்கறிக் கூடைக்காரர்களும் தெற்கே போவார்கள். அந்தியில் அதே முகங்கள் வாடித் திரும்பி வரும். வடக்கிலிருந்து நடுவே ஒரு பகல் வண்டியும் ஐந்து மணிக்கு ஒன்றும் வரும். மணிக்குப் பதிலாக ஒரு துண்டுத் தண்டவாளத்தைத் தொங்கவிட்டு இரும்பால் அடிப்பார்கள். துரைமார்கள் காத்திருக்க ஓர் அறையும் அதில் ஒரு பிரம்பு நாற்காலியும் உண்டு. நமக்குக் காத்திருக்க ஒரு மரம் உண்டு.

பிளாட்பாரம் இரண்டு பெட்டி நீளம்தான். தென்கோடியில் மட்டும் கூரை. எந்தத் திசையில் வரும் ரயிலானாலும் முதல் வகுப்பு அந்தக் கூரைக்கு நேராக நிற்கவேண்டும் என்பது சட்டம், துரைமார் நனையக்கூடாது. அப்படி நின்றால் மூன்றாம் வகுப்பு முழுவதும் பிளாட்பாரத்தைத் தாண்டி, ஜல்லிக்கல்லின் மேல் தொங்கும். வண்டியின் கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவே என் இடுப்பளவு வெட்டவெளி. யாரோ ஒருவர் போய் முறையிட்டதற்கு, யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக்கூடத் தூக்காமல் சொன்ன பதில் லைன் முழுக்கப் பிரசித்தம்: "பிளாட்பாரம் வேணுமெண்டால் முதலாம் வகுப்பு டிக்கெட் எடுங்கோ."

குதிப்பவர்களுக்கு நாங்கள் பட்டம் கொடுத்தோம். இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தால் "தவளை". பொத்தென்று விழுந்தால் "மூட்டை". யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கினால் "மாப்பிள்ளை". கைக்குழந்தைக்காரிகள் முதலில் துணிமூட்டையைப் போட்டு, அப்புறம் குழந்தையை யாரிடமாவது நீட்டி, அதற்கப்புறம் தாங்கள் விழுவார்கள். எங்களுக்கு ஒரே டிக்கெட்டில் மூன்று காட்சி. அன்றைக்கு விழுந்தவர்களையெல்லாம் அந்தியில் எங்கள் ரயில்வே கோட்டர்ஸ் வாசலில் நான் நடித்துக் காட்டுவேன். பெரியவர்களே அடுப்பை மறந்து வந்து நிற்பார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பவள் என் அக்கா அஞ்சலை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏய் கொரங்கு, அந்த மூட்டைய இன்னொரு வாட்டி விழச் சொல்லுடி!" என்பாள்.

ஒருநாள் ரப்பர் தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஒரு பெண் ஜல்லியில் முகம் குப்புற விழுந்து முன்பல் இரண்டையும் இழந்தாள். அன்று மாலை அடுப்புக்கரியைப் பல்லில் அப்பிக்கொண்டு அவளை நடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா அந்த ஸ்டேஷனின் போர்ட்டர். வாயில் துண்டை அழுத்தி அவளைத் தூக்கிவிட்டவர் அவர்தான். மறுநாள் சாமான் பெட்டிப் பலகைகளைச் சேர்த்தடித்து ஒரு மரப்படி செய்தார். வண்டி நின்றதும் முதலில் துரைமாரின் மூட்டைமுடிச்சை இறக்கிவிட்டு, மரப்படியைத் தூக்கிக்கொண்டு வடகோடிக்கு ஓடுவார். ஜனங்கள் அவர் வரும்வரை வாசலில் நின்று, ஏதோ கோயில் படி இறங்குவதுபோல நிதானமாக இறங்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் தொழில் படுத்துவிட்டது. கூட்டத்தில் பாதிப் பேர் சாக்கடையில் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். என் தலைமைப் பதவியே ஆட்டம் கண்டது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் வண்டிக்குச் சற்று முன்பு, எடை பார்க்கும் தராசுக்கு அடியிலிருந்த மரப்படியை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் லாலான் புல்லுக்குள் ஒளித்துவைத்தேன்.

அன்று அந்தியில் அக்காவைப் பெண் பார்க்கச் சிகாமட்டிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை அங்கே ரயில்வேயில் தண்ணீர்ப் பம்பு ஓட்டுகிறவர். எங்கள் நிலைமைக்குப் பெரிய இடம். ஐந்து மணி வண்டி என்று கடிதம் போட்டிருந்தார்கள். கடிதத்தைப் போட்ட பிறகுதான் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் ராகுகாலம் என்பது நினைவுக்கு வந்திருக்கிறது. நல்ல காரியத்துக்கு ராகுகாலத்தில் போய் இறங்குவதா? பகல் வண்டியிலேயே கிளம்பிவிட்டார்கள். ராகுவிடமிருந்து தப்பி நேராக என்னிடம் வந்து மாட்டிக்கொண்டார்கள்.

வண்டி நின்றது. மூன்றாம் வகுப்பு வாசலில் பட்டுப்புடவை கட்டிய கனத்த அம்மாள் ஒருவர் நின்றார். அப்பா துரையின் பெட்டிகளை இறக்கிவிட்டுத் தராசுக்கு ஓடினார், குனிந்தார், சுற்றிச் சுற்றித் தேடினார். கார்டு விசிலை வாயில் வைத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அந்த அம்மாள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குதித்தார். தவளையாக ஆரம்பித்து மூட்டையாக முடிந்த குதிப்பு அது. அதற்குப் பட்டம் கண்டுபிடிக்க எங்களுக்கு நேரமில்லை. "அலமாக்!" என்று கூட்டம் கூவியது. நான் கட்டையிலிருந்து இறங்கி, அவர் எதிரிலேயே, அவர் விழுந்ததையும் விழுந்தபின் எழ முடியாமல் கையைத் துழாவியதையும் அப்படியே செய்து காட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கைத்தட்டல் அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

பசித்து வீட்டுக்குப் போனபோது கேசரி வாசனை வந்தது. பாயில் அதே பட்டுப்புடவை காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. வீங்கிய கணுக்காலில் மஞ்சள் பத்து. பக்கத்தில் மாப்பிள்ளை. அப்பா மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, படி போட வக்கில்லாத சம்பந்தியாக நின்றிருந்தார். அக்கா காப்பித் தட்டோடு அப்போதுதான் வெளியே வந்தாள்.

அந்த அம்மாள் என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். "இதுதான்! இந்தக் கழுதைதான் நான் விழுந்தத எம்முன்னாடியே ஆடிக் காட்டுச்சு. யாரு பெத்த புள்ளடி நீ?"

நான் வாயைத் திறந்தேன். என் அம்மா முந்திக்கொண்டார்.

"அது பக்கத்து வீட்டுப் புள்ளங்க. காளியம்மா மக. அடங்காத ஜென்மம். போடி, ஒங்க வீட்டுக்குப் போ!"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். பெண் பார்க்க வந்தால் பெண் தலைகுனிவது வழக்கம்தானே. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் கேள்வி கேட்டது: "அப்ப ஒங்களுக்கு ஒரே பொண்ணுதானா?"

"ஆமாங்க," என்றார் அப்பா. "ஒண்ணுதான்."

ஒரே மகள் என்று ஆனதும் எங்கள் வீட்டு மதிப்பு கொஞ்சம் ஏறியதாகவே நினைக்கிறேன். சம்பந்தம் அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது.

அவர்கள் போனபிறகு அம்மா எனக்கு இரண்டு பங்கு கேசரி வைத்து, "கல்யாணம் முடியற வரைக்கும்தான்டி" என்றார். அப்பா அடிக்கவில்லை. லாலானுக்குள்ளிருந்து மரப்படியைத் தேடி எடுத்து வந்து என் காலடியில் வைத்து, "நாளையிலேருந்து நீயே போடு" என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தி வண்டிக்கும், விடுமுறை என்றால் எல்லா வண்டிக்கும் அதைச் சுமந்தேன். சிலிப்பர் கட்டைமேல் என் பழைய கூட்டம் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. நல்ல மாணவர்கள்.

கல்யாணத்தில் காளியம்மா அத்தையின் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். தாயாகக் கிடைத்த வேஷத்தை அத்தை ஒரேயடியாக ரசித்தார், சம்பந்தியம்மா காதில் விழும்படி, "எவ்வயித்துல போயி இது எப்படித்தான் பொறந்துச்சோ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கோட்டர்ஸ் ஜனம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு குலுங்கியது. நானும் சிரித்தேன். நகைச்சுவை என்று வந்தால் பாரபட்சம் பார்க்கக்கூடாது.

அவர்களை ஏற்றிவிட மரப்படியை நான்தான் பிடித்தேன். சம்பந்தியம்மா நொண்டிக்கொண்டே வந்து, ஏறுமுன் என் முகவாயைப் பிடித்துத் தூக்கி, "விழுந்தா சிரிப்பியே, இப்ப சிரி பாப்போம்" என்றார். கடமை தவறாமல் சிரித்தேன். மேலே போனதும் மருமகளைப் பார்த்து, "படி புடிச்ச புள்ளைக்கு ஒரு பழம் குடு" என்றார். அக்கா தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.

"இந்தா பாப்பா," என்றாள்.

அதுவரை அவள் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டதே இல்லை.

கல்யாணம் முடிந்தது, பொய் முடியவில்லை. இப்போது போய்ச் சொன்னால் அப்போது ஏமாற்றியதாக ஆகிவிடும் என்றார் அம்மா. தலைப்பிரசவத்துக்கு அக்கா வந்தபோது மாமியாரும் பின்னாலேயே வந்து பத்து நாள் தங்கினார். பத்து நாளும் நான் காளியம்மா வீட்டில். நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் குழந்தை அழும். ரயில் மணி அடிக்கிற மாதிரி விரலால் பலகையைத் தட்டுவேன். அக்கா ஒருமுறை திருப்பித் தட்டினாள். "என்னடி சத்தம், எலியா?" என்று மாமியார் கேட்டது எனக்குக் கேட்டது. "பக்கத்து வீட்டுப் புள்ளைங்க, அத்தை," என்றாள் அக்கா. அதன்பிறகு தட்டவில்லை. சிகாமட்டிலிருந்து வரும் கடிதங்களின் அடியில், "பக்கத்து வீட்டுப் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று ஒரு வரி இருக்கும். அப்பா அதை எனக்குப் படித்துக் காட்டுவார், முகத்தைப் பார்க்காமல்.

அம்மா, அப்பா எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். சம்பந்தியம்மாவோ நொண்டிய காலோடு தொண்ணூறு வயதைத் தொட்டு, என் அக்காவுக்கு ஒரே ஒரு வருஷம் முன்னால்தான் போனார். அக்கா போன செய்தி எனக்குத் தாமதமாகவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு யார் தந்தி அடிப்பார்கள்? கருமாதி அன்றுதான் சிகாமட் போய்ச் சேர்ந்தேன். அக்காவின் மூத்த மகன், அன்று பலகைக்கு அந்தப் பக்கம் அழுதவன், நரைத்த தலையோடு வாசலுக்கு வந்து, "நீங்க யாருங்க?" என்று கேட்டான்.

சொல்லியிருக்கலாம். தடுப்பதற்கு ஒருவரும் மிச்சமில்லை.

"ஏழாங்கட்டையில பக்கத்து வீடு," என்றேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்கதானா அது! பாட்டி தூங்குற நேரமா பாத்து அம்மா எங்களுக்கு ஆடிக் காட்டுவாங்க, பாட்டி ரயில்லேருந்து விழுந்தத. பக்கத்து வீட்டுல ஒரு புள்ள இருந்துச்சு, அது செய்யற மாதிரி எனக்கு வராதுன்னு சொல்லுவாங்க." கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். "புள்ளைங்கல்லாம் இருக்குதுங்க. ஒரு வாட்டி செஞ்சு காட்டுறீங்களா?"

அறுபது வயதில், சோற்று இலை எடுத்த கூடத்தில், அக்காவின் படத்துக்கு முன்னால் தவளையாக ஆரம்பித்து மூட்டையாக விழுந்தேன். குழந்தைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அதில் ஒரு பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி!" என்றாள். இன்னொரு வாட்டி விழுந்தேன்.

சிகாமட் ஸ்டேஷனில் பிளாட்பாரம் வண்டி வாசல் வரை உயரமாக, நீளமாகக் கிடக்கிறது. வீங்கிய முட்டியோடும் சறுக்காமல் ஏறலாம். அவன் ஜன்னல் வழியே ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டி, "வழியில சாப்பிடுங்க, அத்தை" என்றான். வெளி மனுஷியைக் கூப்பிடுகிற அத்தைதான். திரும்பும் வழியில் ஏழாங்கட்டை எப்போது கடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி இப்போது அங்கே நிற்பதில்லை; கூரையும் பிரம்பு நாற்காலியும் காத்திருக்கும் மரமும் போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. தார் வாடையையாவது பிடிக்கலாம் என்று ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தேன். தண்டவாளத்துக்கு அடியில் எல்லாம் சிமெண்டுக் கட்டைகள்.

பழம் நன்றாகத்தான் இருந்தது.