வரிசையை விட்டு ஆறு தப்படி

1976 செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை.

காலை 5.50. முகாமிலிருந்து நடைப்பயணம் புறப்பட்டது. வரிசையில் முதலாவதாகத் துப்பாக்கியுடன் வழிக்காவலர், இரண்டாவதாக நான், மூன்றாவதாக என் மனைவி, இறுதியில் தேநீர்ச் சாமான்களைச் சுமந்து வந்த பணியாளர்.

காலை 7.25. வறண்ட ஆற்றுப் படுகையின் எதிர்க்கரையில், ஏறத்தாழ எழுபது தப்படி தொலைவில், ஒரு பெண் யானையும் அதன் கன்றும் தென்பட்டன. வழிக்காவலர் கையை உயர்த்தினார்.

காலை 7.30. யானை தாக்க வந்தது. என் மனைவி வரிசையை விட்டு ஓடினார். யானை அவர் ஓடிய பக்கம் திரும்பியது. வழிக்காவலர் இருமுறை சுட்டார். யானை விழுந்து இறந்தது. மனிதர் எவருக்கும் காயம் இல்லை.

நடைப்பயண விதிகள் புறப்படும் முன் ஆங்கிலத்தில் விளக்கப்பட்டன. என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது.

மேலே உள்ளது, சாம்பியாவில் ஒரு காப்புக்காட்டு அலுவலகத்தில் நான் கையொப்பமிட்டுக் கொடுத்த வாக்குமூலம். ஆங்கிலத்தில் எழுதியதை, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, மதுரை கோச்சடையில் என் வீட்டு மேசை முன் அமர்ந்து தமிழாக்கியிருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியமாகச் சரிபார்த்தேன். பொய் ஒன்றுகூட இல்லை. ஆனால் 7.25க்கும் 7.30க்கும் இடையே ஐந்து நிமிடங்கள் இருக்கின்றன. அவற்றில் நடந்ததை நான் எழுதவில்லை.

மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பித்து வந்த நான், நீண்ட விடுப்புப் பெற்று, சாம்பியாவின் பள்ளி ஒன்றுக்கு ஒப்பந்த ஆசிரியனாகப் போயிருந்தேன். காட்டு விலங்குகளை வண்டியில் துரத்திப் பார்க்காமல், நடந்து சென்று, தொலைவில் நின்று பார்த்துத் திரும்பும் சஃபாரி அந்தப் பகுதியில் பேர்பெற்றிருந்தது. புகை இல்லை, இரைச்சல் இல்லை, சக்கரத் தடம் இல்லை. வருகிறவர்களுக்கு நான்கு விதிகள் இருந்தன. வழிக்காவலருக்கு முன்னால் போகக்கூடாது. அவர் கை உயர்ந்தால் நிற்க வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் உடுத்தக்கூடாது. எது வந்தாலும் ஓடக்கூடாது. நான்கையும் முதல் நாள் மாலையே என் மனைவிக்குத் தமிழில் சொல்லியிருந்தேன். அதுவும் வாக்குமூலத்தில் இல்லை.

அவள் மேலூருக்கு அருகே நெல்லும் மாடுமாக இருந்த வீட்டில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். விதிகளை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். இருந்ததிலேயே வெளுத்துப்போன காவிச் சுங்குடியைக் கட்டிக்கொண்டாள். சேலை முள்ளில் மாட்டாமலிருக்க வழிக்காவலர் ஒரு மரப்பட்டையிலிருந்து நார் உரித்துக் கொடுத்தார். அதை இடுப்பில் கட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அவர் அவளை ‘அமாயி’ என்று அழைத்தார். அந்நாட்டு மொழியில் அதற்குத் தாய் என்று பொருள். அந்த ஒரு சொல்லைத் தவிர இருவருக்கும் பொதுவான பேச்சு இல்லை. ஆயினும் அவர் கை உயரும்போதெல்லாம் நான் நிற்பதற்கு முன்பே அவள் நின்றுவிடுவாள்.

அன்றும் நின்றாள். கன்றை ஒரு புதர் மறைத்திருந்தது. நான் காமிராவைக் கண்ணில் வைத்தபடி வழிக்காவலரைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனேன். ஆறு தப்படி. அவர் தாழ்ந்த குரலில் இருமுறை ‘சார்’ என்றது காதில் விழுந்தது. தாய் யானை காதுகளை விரித்தது. படத்தை எடுத்தேன். அது படுகையில் இறங்கி ஓடிவந்தது. துப்பாக்கிக்கும் யானைக்கும் நடுவே நான் நின்றிருந்ததால் அவரால் சுட இயலவில்லை. என்னால் அசைய இயலவில்லை.

அப்போதுதான் என் மனைவி ஓடினாள். படுகைக்குள் குதித்து, பக்கவாட்டில், முந்தானையை உருவிக் கையில் சுழற்றிக்கொண்டு, “ஏய்! இங்கிட்டு! இங்கிட்டு வா!” என்று கத்தியபடி ஓடினாள். மிரண்ட மாடு ஓர் ஆளின் மேல் பாயும்போது, பக்கத்தில் நிற்பவர் துண்டை வீசிக் குறுக்கே ஓடி அதைத் தம் பக்கம் இழுப்பது அவள் ஊரில் எல்லோரும் அறிந்தது. யானை அவள் பக்கம் திரும்பியது. துப்பாக்கிக்கு வழி கிடைத்தது.

கன்று ஓடவில்லை. தாயின் வயிற்றை முட்டிப் பார்த்தது. பிறகு தன் தும்பிக்கையைத் தாயின் வாய்க்குள் விட்டுப் பார்த்தது. நண்பகலில் சுற்றுப்புறத்து ஊரார் இறைச்சிக்காகக் கத்திகளுடன் வந்தபோதும் அது அங்கேயே நின்றதாம். பால் மறக்காத கன்று தனியே பிழைக்காது என்று தேநீர்ப் பணியாளர் சொன்னார். என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டாள். பிழைத்துக்கொள்ளுமாம் என்றேன்.

விருந்தினர்தாம் தம்மைத் தாண்டி முன்னால் போனார் என்று வழிக்காவலர் அதிகாரியிடம் கூறினார். அதிகாரி என்னைப் பார்த்தார். “நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறேன்” என்றேன். தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவோரம் நின்றிருந்த வழிக்காவலர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். விதிகளைப் புரிந்துகொள்ளாத விருந்தினரைக் காட்டுக்குள் அழைத்துச் சென்றார், அதனால் ஒரு காப்பு விலங்கு கொல்லப்பட்டது என்று எழுதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். மூன்றாம் நாள் எங்களை ஏற்றிச்சென்ற லாரியின் பின்புறத்தில், சீருடை இல்லாமல், ஒரு தகரப் பெட்டியுடன் அவரும் ஏறினார். வெயிலில் கிடந்த அவளுடைய பையை எடுத்து நிழலில் வைத்தார்.

“என்ன எழுதிக் குடுத்தீங்க?” என்று அவள் என்னிடம் கேட்டாள்.

“நடந்ததைத்தான்.”

“பெறகு ஏன் இந்த மனுசன் பெட்டியத் தூக்கிட்டு வாராரு?”



1978இல் மதுரை திரும்பினோம். ‘காட்டில் விருந்தினர்’ என்ற தலைப்பில், கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் மன்றங்களிலும் ஸ்லைடுகள் காட்டிச் சொற்பொழிவு செய்யத் தொடங்கினேன். காட்டைக் காணப் போகிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பொருள். படங்களின் வரிசை என் மனைவிக்கு மனப்பாடமாக இருந்ததால் புரொஜெக்டரில் ஸ்லைடு மாற்றும் வேலை அவளுடையது. நாற்பத்தொன்றாவது படம் காது விரித்த யானை. நான் எடுத்தவற்றுள் மிகச் சிறந்தது. அது திரையில் விழுந்ததும் நான்காம் விதியை விளக்குவேன். பிறகு, “ஆப்பிரிக்க யானையை ஓட்டத்தில் வெல்லக்கூடிய பாலூட்டி ஒன்று மேலூர் வட்டாரத்தில் வாழ்கிறது, தற்சமயம் இந்த அறையில்தான் இருக்கிறது” என்பேன். அரங்கம் முழுவதும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கும். புரொஜெக்டரின் வெளிச்சக் கசிவில் அவள் முகம் மட்டும் தெரியும். அவளும் புன்னகை செய்வாள். மற்றவர்களைப் போல இருட்டில் முகத்தை மறைத்துக்கொள்ள அவளுக்கு வசதி இருக்கவில்லை.

அந்தக் கதை ஊருக்குள் பரவிற்று. கடைத்தெருவிலும் கல்யாண வீட்டிலும் அதைச் சொல்லி அவளை விசாரித்தார்கள். கோயிலுக்குப் போனால் யானை நிற்கும் பக்கத்துக்கு அவள் வரமாட்டாள். ஒருமுறை அவள் தம்பியின் மனைவி எல்லோர் முன்பும் கேட்டாள்.

“என்ன மதினி, இங்கயும் ஓட்டந்தானா? இது நம்ம ஊரு யானை. ஒரு பழத்தக் குடுத்தா போதும், வெரட்டாது.”

“நீ போயி ஆசீர்வாதம் வாங்கிக்க. நான் செருப்புக்குக் காவலா நிக்கிறேன்.”

அவள் கன்றை நினைத்து நின்றாள் என்பது எனக்குத் தெரியும். நானும் மற்றவர்களோடு சிரித்தேன்.

1982இல் மேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சொற்பொழிவு. அவள் உறவினர் பலர் வந்திருந்தனர். நாற்பத்தொன்றாவது படம் விழுந்தது; நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்; சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் தம்பி பெஞ்சிலிருந்து எழுந்தார். மாடு வளர்ப்பவர்.

“மச்சான், ஒரு சந்தேகம். அக்கா எந்தப் பக்கமா ஓடுச்சு? பின்னுக்கா, குறுக்கவா?”

“எந்தப் பக்கம் ஓடுனா என்னப்பா, உசுரு தப்புச்சுல்ல!” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“ஒலிம்பிக்குக்கு அனுப்பியிருக்கணும்யா ஒங்கக்காவ!” என்றார் இன்னொருவர்.

“இல்லண்ணே, சும்மா இருங்க. மச்சான், குறுக்க ஓடுச்சா?”

அரங்கம் என் பதிலுக்குக் காத்திருந்தது. “பின்னாலதான் மாப்ள. யானையைப் பாத்து முன்னாலயா ஓடுவாங்க?” என்றேன்.

மறுபடி சிரிப்பு எழுந்தது. மைத்துனர் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. இருட்டில் ஸ்லைடு மாறும் ஓசை கேட்டது. நாற்பத்திரண்டாவது படம், ஆற்றின் மேல் அந்திப்பொழுது.

மேலூர் பேருந்து நிலையத்திலிருந்து வீடுவரை புரொஜெக்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் வந்தாள். மறுநாள் காலை காப்பியை வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

“என்னைய என்ன வேணாலும் சொல்லிக்கங்க. சிரிச்சிட்டுப் போகட்டும். அந்த மனுசனுக்காக அந்த ஆபீசுக்கு ஒரு கடுதாசி போடுங்க.”

“எந்த மனுஷனுக்காக?”

அவள் ஸ்லைடுப் பெட்டியை எடுத்துவந்து, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். “இதுல அவரு முதுகு இருக்கு. இதுலயும் இருக்கு. இதுல தொப்பி. அன்னைக்கு எடுத்த அம்புட்டுப் படத்துலயும் அவரு முன்னாடி போறாரு. இந்த யானைப் படத்துல மட்டும் அவரக் காணோம். அவரத் தாண்டி நின்னுல்ல எடுத்திருக்கீங்க? எத்தன படிச்சவங்க பாத்தாங்க! ஒருத்தரும் கேக்கல.”

“எழுதுறேன்” என்றேன்.

“அந்தக் கன்னு என்ன ஆச்சுன்னும் ஒரு வரி கேட்டுருங்க.”

அந்த வாரமே ஒரு வரைவு எழுதினேன். அதில் ‘தவறுதலாக’ என்ற சொல் இருந்தது. அடுத்ததில் ‘ஒருவேளை’. அதற்கடுத்தது எல்லா வகையிலும் சரியாக இருந்தது. அதனால் அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அவ்வாண்டு நான் துறைத்தலைவர் பதவிக்குக் காத்திருந்தேன் என்பதைக் காரணமாகச் சொல்லலாம். பதவி கிடைத்த பிறகும் அனுப்பவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, அலமாரியைத் துடைக்கும்போது, “போட்டாச்சா?” என்பாள். “இன்னும் இல்லை” என்பேன். அவள் மேற்கொண்டு கேட்கமாட்டாள். சொற்பொழிவுகளுக்கு முன்போலவே வந்தாள். மேலூரிலிருந்து மட்டும் எவரும் திரும்ப அழைக்கவில்லை.

1986இல் சிம்மக்கல் மொத்த வியாபாரி ஒருவர் மனைவியோடு வீட்டுக்கு வந்தார். சாம்பியாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போவதாகவும், நானிருந்த அதே காட்டுக்குப் போக விரும்புவதாகவும் சொல்லி, முகாமிலிருந்து வந்த அச்சிட்ட தாள் ஒன்றை நீட்டினார். நான் அறிந்த விதிகள் நான்கும் இருந்தன. ஐந்தாவதாக ஒன்று சேர்ந்திருந்தது: சேலை உடுத்திய பெண்கள் நடைப்பயணத்தில் சேர்க்கப்படமாட்டார்கள். அதை அவருக்குப் படித்துச் சொன்னேன்.

வியாபாரி காப்பி கொண்டுவந்த என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “இது ஒங்க புண்ணியந்தான் போல மதினி! நீங்க ஓடுன ஓட்டத்துல எங்க வீட்டம்மா காடு பாக்க முடியாமப் போச்சே!”

“அவங்கள வண்டியிலயே உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்கண்ணே” என்றாள் அவள். “நடந்து போறதுன்னா நமக்கு முன்னால யாரு போறாங்கன்னு பாத்துப் போகணும்.”

அவருக்கு அது விளங்கவில்லை. நான் காப்பியைக் குடித்தேன்.

1988 ஆகஸ்டில் அவளுக்கு ஈரலில் நோய் முற்றியிருப்பது தெரிந்தது. ஆறு வாரம் மருத்துவமனையில் இருந்தாள். வார்டில் பணியாற்றிய செவிலிப் பெண் பள்ளி நாளில் என் சொற்பொழிவைக் கேட்டவள்; என்னை அடையாளம் கண்டு மகிழ்ந்தாள்.

“அம்மா, யானைக்குப் பயந்து ஓடுனவங்க நீங்கதானா? அன்னைக்கு வயிறு வலிக்கச் சிரிச்சோம்மா!”

என் மனைவி என்னைப் பார்த்தாள். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். செவிலிப் பெண்ணின் அபிப்பிராயத்தால் எனக்கு எந்த இழப்பும் இல்லை. நான் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா தாயி, நாந்தேன்” என்றாள் அவள். “அம்புட்டுப் பயம்.”

ஒன்பது நாள் கழித்து இறந்தாள். கடைசி நாட்களில் அவள் கேட்டது ஒன்றுதான். வழக்கமான அதே கேள்வி. வழக்கமான பதிலையே சொன்னேன். நினைவு தப்பியவளிடம்கூட ‘போட்டுவிட்டேன்’ என்று சொல்ல என் நேர்மை இடம் கொடுக்கவில்லை. அதையும் ஒரு நேர்மை என்று அன்று கருதினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பியபின், மைத்துனர் மட்டும் வாசலில் நின்றார்.

“மச்சான், ஆறு வருசமா மனசுல கெடக்கு. எங்கக்கா பின்னால ஓடுற ஆளில்ல. சின்ன வயசுல எனக்காக ஒரு காளைக்குக் குறுக்க ஓடுனவ. அன்னைக்குக் குறுக்கதான ஓடுச்சு?”

“இப்ப எதுக்கு மாப்ள அதெல்லாம்?” என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “சரி. வாரேன்” என்றார். அதற்குப் பிறகு வரவில்லை.

நாளது வரை செய்யாதவை:

கடிதத்தை அனுப்புவது. வழிக்காவலரின் பெயர் 1976ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இருக்கிறது. உயிரோடிருந்தால் அவருக்கு அறுபதை நெருங்கும் வயது.

கன்று குறித்து ஒரு வரி சேர்ப்பது.

மேலூருக்குப் போய், குறுக்கே என்று சொல்வது.

நாற்பத்தொன்றாவது ஸ்லைடின் சட்டத்தில் உள்ள குறிப்பைத் திருத்துவது: வழிக்காவலருக்கு ஆறு தப்படி முன்னால் நின்று எடுத்தது.

அடுத்த மாதம் ஒப்புக்கொண்டிருக்கும் சொற்பொழிவுக்கு ஸ்லைடு மாற்ற ஆள் பார்ப்பது.