வெளியிலிருந்து போட்ட தாழ்ப்பாள்

அம்சாவுக்கு முதல் வலிப்பு வந்தபோது வயது பதினேழு. ஆர்.கே.பேட்டையில் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். திடீரென்று மிளகாய் கருகுவது போல ஒரு நெடி மூக்கில் ஏறியது. அடுத்து அவளுக்குத் தெரிந்தது, யாரோ முகத்தில் தண்ணீர் அடித்ததும், கையில் யாரோ திணித்திருந்த சாவிக்கொத்தும்தான். அது 1990. ப்ளஸ் டூ படிப்பு அந்த மாதத்தோடு நின்றது.

அவளுடைய அப்பா கஜபதி நாலு ஏக்கர் வைத்துப் பயிர் செய்கிறவர். மந்திரித்த கயிறு, மூலிகை என்று எட்டு மாதம் அலைந்துவிட்டுக் கடைசியில் திருத்தணி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் பாலசுப்பிரமணியனிடம் கூட்டிப் போனார். டாக்டர் ஒரே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் போட வேண்டும், ஒருநாள்கூட விடக்கூடாது, தானாக நிறுத்தவே கூடாது என்று மூன்று முறை சொன்னார். அதன் பிறகு வலிப்பு வரவில்லை.

வரவில்லை என்றதும் கஜபதி மாப்பிள்ளை பார்த்தார். கே.ஜி.கண்டிகையில் சொந்த நிலமும் கிணறும் உள்ள குடும்பம். பையன் குமரேசன், அதிர்ந்து பேசாதவன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த பரந்தாமன் என்ற தூரத்து உறவுக்காரர் கஜபதியைத் தனியே அழைத்து ஒரு விஷயம் சொன்னார். வலிப்பு நோய் உள்ள பெண் என்று தெரிந்தால் அந்தக் கல்யாணத்தையே செல்லாது என்று தீர்ப்பு வாங்கலாம், சட்டத்திலேயே அப்படி இருக்கிறது என்று. கஜபதி வீட்டுக்கு வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு வுடாத கண்ணு. மாத்தர போட்டுகினு இரு. கேட்டா சத்து மாத்தரன்னு கூட சொல்லாத. யார் கண்ணுலயும் காட்டாத."

"எத்தினி நாளைக்கு நைனா?"

கஜபதி கல்யாணப் பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

1993 ஆவணியில் கல்யாணம் நடந்தது. மாத்திரைகளை எங்கே வைப்பது என்று அம்சா முதல் இரண்டு நாள் தவித்தாள். மூன்றாம் நாள் வழி கிடைத்தது. மலைக்கோயில் விபூதிப் பொட்டலத்தை ஒரு துணிப்பையில் போட்டு சாமி படத்து ஆணியில் மாட்டினாள். மாத்திரைகள் விபூதிக்குள் புதைந்து கிடந்தன. சாயங்காலம் விளக்கேற்றியதும் பையில் கை விட்டு, நெற்றியில் ஒரு கீற்று வைத்து, மீதியை வாயில் போட்டுக்கொள்வாள். மாமியார் அதைப் பார்த்துப் பூரித்துப் போனார். "எம் மருமவ முருகனைத் தின்னுதான் உசிரோட கீறா" என்று எதிர்வீட்டில் சொன்னார்.

மாத்திரை தீர்வதற்குள் மாதாமாதம் கிருத்திகைக்குத் திருத்தணி போனாள். வேண்டுதல் என்று சொல்லியிருந்தாள். முதலில் கிளினிக், அப்புறம் மலை. இப்படி நாலரை வருடம் ஓடியது. நடுவில் சுதா பிறந்தாள். கர்ப்பமானபோது மாத்திரை குழந்தையைக் கெடுத்துவிடுமோ என்று அம்சா நிறுத்தப் பார்த்தாள். டாக்டர் கோபித்துக்கொண்டார். "நீ நிறுத்தி வலிப்பு வந்து விழுந்தாதான் குழந்தைக்கு ஆபத்து அதிகம்" என்று சொல்லி, அளவைச் சரிபார்த்து, ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

ஆனால் அந்த வருடங்களில் அவள் ஒருநாளும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கிணற்றடிக்குப் போகமாட்டாள், தலை சுற்றுகிறது என்பாள். அடுப்பில் கொதிக்கிற சோற்றை வடிக்கும்போது குழந்தையைத் தூரத்தில் உட்காரவைப்பாள். மாத்திரையினால் ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வந்தது. சிரித்தால் யாராவது கேட்பார்கள் என்று சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். எங்கேயாவது மிளகாய் தாளிக்கிற வாசனை வந்தால் போதும், இது வெளியிலிருந்து வருகிறதா, தன் தலைக்குள்ளிருந்து வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

1998 தை மாதம் மாமியார் ஒரு முடிவுக்கு வந்தார். மகளுக்கு, அதாவது குமரேசனின் தங்கைக்கு, வரன் தட்டிக்கொண்டே போயிற்று. மருமகளின் வேண்டுதல் இத்தனை பலிக்கிறதே, தானும் கூட வந்து விரதம் இருந்தால் என்ன?

"இனிமே கிருத்திகைக்கு நானும் உங்கூட வரேன்மே. பச்சத் தண்ணி பல்லுல படாம மல ஏறுவோம்."

அம்சாவால் மறுக்க முடியவில்லை. அந்தக் கிருத்திகை அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மாமியார் அவள் கையை விடவே இல்லை. கிளினிக் இருந்த தெரு கண்ணெதிரே வந்து கண்ணெதிரே போயிற்று. வீட்டுக்கு வந்து பையைத் துழாவிப் பார்த்தாள். பதினோரு மாத்திரை இருந்தது. பாதி பாதியாக உடைத்துப் போட்டாள். தலைவலி என்று சொல்லி ஒருநாள் தனியாகக் கிளம்பினாள். நாத்தனாரைத் துணைக்கு அனுப்பினார்கள், தலைவலி மாத்திரையோடு திரும்பி வந்தாள். மாசிக் கிருத்திகைக்கும் மாமியார் கூடவே வந்தார். அப்போது பையில் வெறும் விபூதிதான் இருந்தது.

பத்தாவது நாள் வேர்க்கடலை பிடுங்கினார்கள். பதினைந்து ஆட்கள் நிலத்தில் இருந்தார்கள். அம்சா செடியை உதறி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். கருகின நெடி வந்தது. நிமிர்ந்து பார்த்தாள், எங்கேயும் அடுப்பு இல்லை. மகளைத் தேடித் திரும்பினாள், அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொன்னது. உடம்பு விறைத்துக்கொண்டதாம். அப்புறம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததாம். நான்கு பேர் அமுக்கிப் பிடித்தார்களாம். கையில் கருக்கரிவாளைத் திணித்தார்களாம். நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று யாரோ வாய்க்குள் கரண்டியை நெட்டியதில் முன்பல் ஒன்று உடைந்தது. நின்ற வலிப்பு மறுபடியும் வந்தது. குமரேசன் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டு, டிரைவர் எந்தக் கிளினிக் முன்னால் நிறுத்தினாரோ அங்கே ஓடினான். அது பாலசுப்பிரமணியனின் கிளினிக்.

ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து அவள் கண் திறந்தாள். குமரேசன் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னா ஆச்சுன்னே தெர்ல சார். மொத தபா இப்டி வருது."

டாக்டர் அம்சாவைப் பார்த்தார். ஏழு வருடமாகத் தெரிந்த முகம். சொல்லாமலே விட்டுவிடுவார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒரு கணம் அதைப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. நாக்கு வீங்கி வாய் நிறைய இருந்தது.

"மொத தபா இல்லீங்க" என்றாள்.

குமரேசன் பெஞ்சில் உட்கார்ந்தான். பிறகு டாக்டரிடம்தான் கேட்டான், அவளிடம் கேட்கவில்லை.

"இது இன்னா சார்? காத்து சேட்டையா?"

"காத்தும் இல்ல கருப்பும் இல்ல. உங்க கிணத்துல கரண்டு மோட்டார் இருக்கா?"

"ஆங், கீது சார்."

"வோல்டேஜ் சீரா வந்தா தண்ணி இறைக்கும். திடீர்னு எகிறினா?"

"ஒதறும் சார். அப்பால நின்னுபூடும்."

"மூளையிலயும் ஒரு சின்ன மின்சாரம் ஓடிட்டே இருக்கு. அதுல ஒரு இடத்துல எக்கச்சக்கமா எகிறிடுது, உடம்பு உதறுது. ரெண்டு மூணு நிமிஷத்துல தானா அடங்கும். அந்த எகிறலைத் தடுக்கத்தான் மாத்திரை. திடீர்னு நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும். இன்னைக்கு வந்தது அதுதான்."

"ஒட்டுமா சார்? கொழந்திக்கு வருமா?"

"ஒட்டாது. குழந்தைக்கு வர்றதுக்கும் வாய்ப்பு ரொம்பக் குறைவு. மறுபடி வந்தா அமுக்கிப் பிடிக்காதீங்க. வாயில எதையும் வைக்காதீங்க. இரும்பு குடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, எச்சில் வெளியே வழியட்டும், கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா தூக்கிட்டு வாங்க."

வீட்டில் பெரிய ரகளை நடந்தது. கஜபதி வந்து மாமியார் காலில் விழாத குறையாக நின்றார். "ஏமாத்திக் கட்டி வச்சிட்டியேய்யா" என்று மாமியார் கத்தியதைத் தெருவே கேட்டது. குமரேசன் மனைவியை அனுப்பிவிட மறுத்தான். ஆனால் அம்மாவின் பக்கத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. வெயில் மயக்கம் என்று ஊரில் சொல்லிக்கொள்வது, தங்கை கல்யாணம் முடியும்வரை இன்னொரு தடவை யார் கண்ணிலும் இது படக்கூடாது. அதுதான் அவன் எடுத்த முடிவு.

ஆகவே எல்லோரும் நிலத்துக்குப் போகும்போது அம்சாவை உள்ளே வைத்துக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். மாமியார் விடியற்காலையிலேயே சமைத்து, அடுப்பை அணைத்து, தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு போவார். அருவாமனையும் பரணுக்குப் போயிற்று. சுதாவைப் பாட்டியே நிலத்துக்குத் தூக்கிப் போனார். "புள்ளய வச்சிகினு வியுந்தா இன்னா பண்றது?" என்று கேட்டார். மாத்திரையை இப்போது குமரேசனே வாங்கி வந்து, தினமும் அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒளித்துச் சாப்பிட வேண்டிய பயம் போனது. போன இடத்தில் ஒன்றும் வந்து உட்காரவில்லை. ஒரு ஜன்னல், நாலு கம்பி, எதிரே கோதண்டத்தின் வீட்டு வாசல். பகல் முழுக்க அவள் பார்த்தது அதைத்தான்.

2000 பொங்கலுக்குக் கஜபதி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "சட்டத்த மாத்திட்டாங்களாம் கண்ணு! வலிப்புன்ற வார்த்தயவே எடுத்துட்டாங்கன்னு பரந்தாமன் சொன்னாரு. இனிமே உன்னிய யாரும் ஒண்ணும் பண்ண முடியாது!"

"சரி நைனா" என்றாள். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் அதைச் சொன்னார். தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே வர அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த வைகாசியில் நாத்தனார் கல்யாணம் நடந்தது. தாழ்ப்பாள் நிற்கவில்லை. ஏன் போடுகிறோம் என்று யாரும் நினைத்துப் பார்க்காத அளவுக்கு அது பழகிவிட்டிருந்தது. நிலத்தில் விழுந்த நாளுக்குப் பிறகு வலிப்பும் வரவில்லை.

2001 ஆவணியில் ஒருநாள், காலை பதினோரு மணி இருக்கும். எதிர்வீட்டுக் கோதண்டம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தவர், சைக்கிளோடு சாய்ந்தார். ஐம்பது வயதுக்காரர். கைகால் இழுக்கத் தொடங்கியது. அவர் மனைவி அலறினாள். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் மார்மேல் முழங்காலை வைத்து அமுக்கினார். இன்னொருவர் சாவியால் பல்லைப் பிளக்கப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் தனக்கு நடந்ததை அம்சா முதன்முதலாகக் கண்ணால் பார்த்தாள்.

"வாயில வைக்காதீங்க! அமுக்காதீங்க! ஒருக்களிச்சுத் திருப்புங்க!"

யாரும் திரும்பவில்லை. கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "அக்கா! தாழ்ப்பாளத் தெறங்க! எனக்குத் தெரியும் இது! தெறங்க!"

கோதண்டத்தின் மனைவி ஓடி வந்து தாழ்ப்பாளை இழுத்தாள். அம்சா வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினாள். சாவி வைத்திருந்தவர் கையைத் தட்டிவிட்டு, கோதண்டத்தை இடப்பக்கமாகத் திருப்பி, தலைக்குக் கீழே தன் முந்தானையைச் சுருட்டி வைத்தாள். வாயிலிருந்து நுரை வழிந்தது. "மணி பாருங்க யாராவது" என்றாள். இரண்டாவது நிமிடத்தில் இழுப்பு அடங்கியது. ஆனால் அவர் கண் திறக்கவில்லை, உடம்பு வியர்வையில் நனைந்து சில்லிட்டிருந்தது. அது அவளுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. "நிக்காதீங்க, ஆட்டோ கூப்டுங்க" என்றாள்.

கோதண்டத்துக்கு வலிப்பு நோயே இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, காலையில் சாப்பிடாமலே கிளம்பியிருக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை தாறுமாறாக இறங்கி அதனால் வந்த இழுப்பு. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் தாமதித்திருந்தால் மூளையைப் பாதித்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

நிலத்திலிருந்து திரும்பிய மாமியார் திறந்து கிடந்த கதவைப் பார்த்துத் திடுக்கிட்டார். தெருவே கூடி அவரிடம் கதையைச் சொன்னது. அவர் உலை வைக்க உள்ளே போனார்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கதவை இழுத்துத் தாழ்ப்பாளில் கை வைத்தார். உள்ளேயிருந்து அம்சா சொன்னாள்.

"வாணாம் அத்த."

"எதுனா ஆனா?"

"நேத்து ஆவலியே. மூணு வருசமா ஆவலியே."

மாமியார் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. குமரேசன் தெருவில் நின்றபடி அம்மாவைப் பார்த்தான், பிறகு கதவைப் பார்த்தான். "வுடும்மா" என்றான். மாமியார் கதவை வெறுமனே சாத்திவிட்டு, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். தீப்பெட்டி மட்டும் அவர் இடுப்பிலேயே போயிற்று.

அம்சா கதவைத் திறந்துகொண்டு நிலைப்படியில் நின்றாள். எங்கே போவது என்று தெரியவில்லை. உச்சி வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றாள். பிறகு தெருவைக் கடந்து கோதண்டத்தின் வாசலுக்குப் போனாள்.

"சாப்ட்டுதான மாத்தர போட்டீங்கண்ணா?"

"ஆங், சாப்ட்டேம்மா. உள்ள வா, குந்து."

உள்ளே போய் ஒரு டம்ளர் மோர் குடித்தாள். அவர் மனைவி இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னாள். வீட்டில் எல்லோரும் நிலத்திலிருந்து வருகிற நேரம் என்று சொல்லி அம்சா எழுந்துகொண்டாள். அவர்கள் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.