மருதாசலம் காப்பாற்றிய முடிச்சு

கிணத்துக்கடவில் எனக்குப் பக்கத்துத் தோப்புக்காரர் மருதாசலம். அவருக்குச் சந்தேகம் என்பது காலைக் காப்பி மாதிரி, அது இல்லாமல் பொழுது விடியாது. பூசாரி கொடுக்கும் திருநீற்றைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார். உலகத்தில் ஒரே ஒருவனை மட்டும் அவர் சந்தேகப்பட்டதில்லை. "எம் பையன் மிதுன் தங்கமுங்க" என்பார், யாரும் கேட்காமலே.

போன வருஷம் அவருடைய போர்வெல் மோட்டாருக்கு ஓடிய கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே இருக்கும் செம்புக்காக இந்தத் திருட்டு எங்கள் பக்கம் அடிக்கடி நடப்பதுதான். மருதாசலம் யோசிக்கவே இல்லை. தோப்பில் வேலை செய்யும் அன்புமணிதான் என்றார். அன்புமணி குடும்பத்தோடு ஆனைமலைக்குச் சாமி கும்பிடப் போன சமயம், மருதாசலம் கடப்பாரையால் அந்த வீட்டுப் பூட்டை உடைத்து உள்ளே போனார். மூலையில் ஒரு சாக்கு. அதற்குள் கேபிள், சுருட்டிக் கயிற்றால் கட்டியபடி. தூக்கிக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷன் போனார்.

"சின்னவருதானுங்க சாக்கைக் குடுத்து, ரெண்டு நாள் வெச்சிருன்னாரு. நான் பிரிச்சுக்கூடப் பாக்கலீங்க," என்று மிதுனைச் சொல்லி அன்புமணி அழுதார். மருதாசலம் சிரித்தார். நானும் நம்பவில்லை, இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஜாமீனில் வந்த அன்புமணிக்கு ஊரில் ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. தண்டனை விழுந்தால் மகள் இனியாவின் படிப்பும் நின்றுவிடும்.

கோர்ட்டில் அன்புமணியின் வக்கீல் ரம்ஷா முதலில் பூட்டைத்தான் பிடித்தார். வீடு புகுந்து எடுத்து வந்த பொருளைச் சாட்சியமாக ஏற்கவே கூடாது என்றார். கூண்டில் நின்ற மருதாசலம் பொங்கிவிட்டார்.

"பூட்டை ஒடைச்சதுக்கு என்னை உள்ள போடுங்கம்மா. ஆனா கேபிளு எம்படதுங்க!"

மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பூட்டை உடைத்தது தப்பு. அதற்கு நீங்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காக, கிடைத்த பொருள் பொய்யாகிவிடாது. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இப்படி வந்த பொருளை இரண்டு மடங்கு சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்."

சந்தேகம் என்றதும் மருதாசலத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நம்ம ஆள்தான் என்று நினைத்திருப்பார்.

"இது உங்கள் கேபிள்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"கவுத்து முடிச்சைப் பாருங்கம்மா. தேங்காய்க் குலை எறக்கறதுக்கு எங்க ஊட்டுல போடற முடிச்சுங்க. வாலை உள்ள சொருகிப்போடுவோம். என்னையும் எம் பையனையும் தவிர இந்த ஜில்லாவுல ஒருத்தனுக்கு வராது. அதனாலதான் போலீஸ்காரரையும் அவுக்க உடலீங்க."

"திருட்டுப் போனபோது கேபிள் சுருட்டிக் கட்டியா இருந்தது?"

"இல்லீங்க, மோட்டார்ல மாட்டி நீளமா ஓடிட்டு..."



"அப்படியானால் திருடின பிறகு சுருட்டி, இந்த முடிச்சைப் போட்டது யார்? நீங்களா?"

மருதாசலத்தின் கை கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. "ஏனுங்கம்மா," என்றார், குரல் இறங்கி. "அது பூட்டை ஒடைச்சு எடுத்ததுங்க. தப்புங்க. கேஸ்ல சேத்தாம உட்டுப்போடுங்க."

"ஏற்றுக்கொண்டாகிவிட்டது," என்றார் மாஜிஸ்திரேட்.

அப்பாவைக் காரில் கூட்டி வந்த மிதுன் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். மருதாசலம் வாழ்க்கையில் முதல்முறையாக மகனைச் சந்தேகத்தோடு பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் தீர்ந்துவிட்டது.