தெருமுனை ஃப்ளெக்ஸில் மல்லிகா

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவியின் சாவுக்கு ஒருவர் மாலையோடு வந்தார்.

கதவைத் திறந்தது என் மனைவிதான்.

மனிதர் அப்படியே நின்றுவிட்டார். கையில் பெரிய ரோஜா மாலை. அவளைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். "வா அண்ணே, என்ன இவ்ளோ காலையில?" என்று சொல்லிவிட்டு அவள் காபி போட உள்ளே போனாள். வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் மல்லிகாவின் பெரியப்பா மகன். எனக்கு மச்சான். பூவத்தில் இருக்கிறார். மல்லிகாவை இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு... கோவில்பத்தில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறாள். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். அவள் பேசுவாள், நான் ஓட்டுவேன். இத்தனை வருஷமாக அது சரியாகத்தான் இருக்கிறது.

உயிரோடு இருக்கிறவளுக்கு மாலை எப்படி வந்தது? சொல்கிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போன மாதம் அடுத்த வீட்டு ரோஸ்லின் அக்கா தவறிப்போனார். நல்ல மனுஷி. சாயங்காலத்துக்குள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். இப்போதெல்லாம் சவப்பெட்டி வருவதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் வந்துவிடுகிறது.

அக்காவுக்குத் தனியாக ஒரு போட்டோவும் இல்லை. ஏதோ கல்யாண வீட்டில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து வெட்டியிருந்தார்கள். அவசரத்தில் வெட்டியது. அக்காவின் தோளில் ஒரு கை அப்படியே தங்கிவிட்டது. கை மட்டும். ஆள் இல்லை. விரலில் சிவப்புக் கல் மோதிரம்.

துக்கத்துக்கு வந்த கூட்டம் முழுக்க அந்தக் கையைத்தான் பார்த்தது. யார் கை? நாத்தனார் கை என்றார்கள். நாத்தனார், தான் மோதிரமே போடுவதில்லை என்று அழுகைக்கு நடுவே மறுத்தார். மாதா கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போகும் வழியிலும் அதே பேச்சுதான். அக்காவைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மல்லிகா பீரோவைத் திறந்தாள். இருந்த போட்டோக்களை எல்லாம் கட்டிலில் பரப்பினாள். ஒன்றில் யார் பிள்ளையையோ இடுப்பில் வைத்திருக்கிறாள். ஒன்றில் சாம்பார் வாளி முகத்தை மறைக்கிறது. ஒன்றில் பாதி முகம்தான், மீதியை ஒரு பெரியவரின் முண்டாசு எடுத்துக்கொண்டது. எங்கள் கல்யாணப் போட்டோவில் குனிந்த தலை... வகிடுதான் தெரிகிறது.

"நான்னு ஒருத்தி இருந்ததுக்கு ஒரு படங்கூட கெடையாதா?" என்றாள்.

நான் என் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என் போனில் இருப்பதெல்லாம் லோடு படம். சிமென்ட் மூட்டை, வாழைத்தார், யாரோ வீட்டுக் கட்டில், பீரோ. பத்திரமாக ஏற்றினேன் என்று காட்ட எடுத்தவை. கட்டிலைப் படம் எடுத்தவனுக்குக் கட்டியவளைப் படம் எடுக்கத் தோன்றவில்லை.

மறுவாரம் ஸ்டூடியோவுக்குப் போகலாம் என்றாள். அதற்கு முன்னால் பியூட்டி பார்லருக்குப் போய்ப் புருவம் திருத்திக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். நூலால் மயிரைப் பிடுங்குகிறார்கள், அழ வைக்கிறார்கள், அதற்குக் கூலியும் வாங்குகிறார்கள் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் ஆட்டோ கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி நாலு தடவையாவது பார்த்திருப்பாள். பின்னால் வந்த பஸ் எனக்குத் தெரியவில்லை. போகட்டும்.

ஸ்டூடியோக்காரர், எதற்குப் போட்டோ என்று கேட்டார். பாஸ்போர்ட்டா, பேங்குக்கா?

மல்லிகா என்னைப் பார்த்தாள். சாவுக்கு என்று கடையில் நின்று சொல்ல முடியுமா? எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை அந்தச் சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

"சும்மா," என்றேன்.

"சும்மாவா?" என்றார் அவர். பிள்ளை, பேரன், விசேஷம் எதுவும் இல்லாமல் இந்த வயதில் ஒரு பெண்மணி தனியாகப் போட்டோ எடுக்க வந்து அவர் பார்த்ததில்லை போல.

எடுத்தார். கம்ப்யூட்டரில் போட்டார். அப்புறம் மவுஸைப் பிடித்து வேலையை ஆரம்பித்தார். ஒரு தட்டு, நிறம் ஏறியது. இன்னொரு தட்டு, கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போனது. இன்னொரு தட்டில் கன்னம் ஒடுங்கியது. மாவு அரைத்து, வெயிலில் நின்று, பிள்ளை பெற்று வந்த முகம்... காபி ஆற்றுவதற்குள் காணாமல் போய்விட்டது.

மல்லிகா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம்.

"யாருங்க இந்தப் பொண்ணு?" என்றாள் கடைசியில்.

நிறம் ஏற்றாமல் கொடுத்தால் ஜனங்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்றார் ஸ்டூடியோக்காரர். இப்போது எல்லாருக்கும் இப்படித்தானாம். கேட்காமலே செய்து கொடுத்துவிடுவாராம்.

"எனக்கு வேணாங்க. நாளைக்கு வந்து நிக்கிற சனம், யாருக்கு அழுவுறதுன்னு தெரியாம முழிக்கும்."

அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார். கடைசியில் மவுஸ் அம்பு அவள் தாடை ஓரத்துக்கு வந்து நின்றது. அங்கே ஒரு மச்சம் உண்டு. மிளகு அளவு. அதை மட்டுமாவது எடுத்துவிடவா என்று கேட்டார்.

அவள் யோசித்தாள்.

"இருக்கட்டும்," என்றேன் நான்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கேட்டாள். "எனக்கு அங்க மச்சம் இருக்கறத நீங்க பாத்துருக்கீங்களா?"

முன்னால் ஒரு மாடு நின்றது. ஹாரன் அடித்தேன்.

படம் நன்றாக வந்திருந்தது. நேராகப் பார்க்கிறாள். சின்னச் சிரிப்பு. பின்னால் மட்டும் நீல வானம், வெள்ளை மேகம். அது ஸ்டூடியோக்காரர் தன் விருப்பத்துக்குப் போட்டது. மல்லிகா பட்டுப்புடவைக்கு நடுவே படத்தை வைத்துப் பீரோவைப் பூட்டினாள். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகன் பிரபுவுக்கு வாட்ஸ்அப்பில் ஒன்று அனுப்பினாள். எதற்கு எடுத்தது என்று சொல்லவில்லை. அவன் வரிசையாக இதயம் அனுப்பினான்.

மாலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள். அதாவது, ஆதார் கார்டு அப்படிச் சொல்கிறது. ஐப்பசி மழையில் பிறந்தவள் என்றுதான் என் மாமியார் சொல்வார். ஆனால் எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். அது பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான்.

பிரபுவுக்கு அந்தத் தேதிதான் தெரியும். அம்மாவுக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுக்க நினைத்திருக்கிறான். காரைக்காலில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் கூட்டாளிக்கு அந்தப் படத்தை அனுப்பினான். அந்தக் கூட்டாளியின் ஆட்கள் விடிவதற்குள் வந்து தெருமுனையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேல். உச்சியில் 'எங்கள் அம்மா'. நடுவில் மேகத்துக்குள் மல்லிகா. கீழே பிறந்தநாள் வாழ்த்து.

அந்தக் கீழ் வரிதான் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் தெரு குறுகல். வண்டியை ராத்திரி தெருமுனையில்தான் போடுவேன். வாழ்த்தை மறைத்துக்கொண்டு நின்றது என் லோடு ஆட்டோ.

இப்போது நீங்களே சொல்லுங்கள். வண்டிக்கு மேலே தெரிவதை மட்டும் பார்த்தால் என்ன நினைப்பீர்கள்?

எங்கள் ஊரில் ஆம்பிளை ஃப்ளெக்ஸில் வர நூறு காரணம் உண்டு. பிறந்தநாள், கட்சிப் பதவி, கபடிப் போட்டி. கூட்டாளியின் கல்யாணத்துக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்பான். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவனுக்கு 'வருக வருக' பார்த்திருக்கிறேன். அவன் அம்மாவுக்கு? வயதுக்கு வந்தபோது ஒன்று வைத்திருந்தால் உண்டு. கல்யாணத்துக்கு ஒன்று. அதற்கப்புறம் நேராகக் கண்ணீர் அஞ்சலிதான். நடுவில் உள்ள அத்தனை வருஷத்துக்கும் ஃப்ளெக்ஸே கிடையாது. தெருமுனையில் ஒரு நடுவயதுப் பெண் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றால், செத்துப்போனாள் என்று அர்த்தம்.

மச்சானும் அப்படித்தான் நினைத்தார். மீன் வாங்க வந்தவர், ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் பைக்கைப் பூக்கடைக்குத் திருப்பிவிட்டார்.

காபியைக் குடித்த பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது. கூடவே கோபமும் வந்தது. "பொறந்த வீட்டுக்கு ஒரு போன் பண்ணாம எடுத்துடுவீங்களான்னு உங்ககிட்ட சண்டைக்குத்தான் வந்தேன் மாப்ள. கோடி எடுக்கலாம்னா கடை வேற தெறக்கல."

கோடி என்பது புதுப்புடவை. பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் உடலை எடுக்க விடமாட்டார்கள்.

அதற்குள் அடுத்த தெரு சாந்தி, மாவு வாங்கும் தூக்கோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர். டம்ளர் எடுக்க வந்த மல்லிகாவைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"அடிப்பாவி, இருக்கியா நீ?"

"ஏன், மாவு இல்லன்னு எவ சொன்னா?"

எல்லாரும் தெருமுனைக்குப் போனோம். ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். ஃப்ளெக்ஸையும் மல்லிகாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அபசகுனம், உடனே அவிழ்த்துப் போடு என்றார் மச்சான். உயிரோடு இருப்பவளுக்கு இப்படி வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று இன்னொருவர் சொன்னார். போனில் பிரபு அழுதான். யோசிக்காமல் செய்துவிட்டேன், எடுத்துடுங்கப்பா என்றான்.

எனக்கும் மனசு ஒருமாதிரி இருந்தது. வண்டியில் கயிறு அறுக்கிற கத்தி உண்டு. எடுத்துக்கொண்டு போனேன்.

மல்லிகா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக அவள் பார்த்ததில்லை. அந்த அளவில் மச்சம் ஒரு தோசைக்கல் அகலம் இருந்தது.

"கத்திய உள்ள வைங்க," என்றாள்.

"மல்லிகா..." என்று மச்சான் ஆரம்பித்தார்.

"இரு அண்ணே. நான் செத்தப்பறம் வச்சா எல்லாரும் பாப்பீங்க. நான் பாக்க முடியுமா? இன்னைக்கு ஒருநா இருக்கட்டும்." என் பக்கம் திரும்பினாள். "நீங்க வண்டிய எடுங்க."

எடுத்தேன். வண்டி நகர்ந்ததும் கீழ் வரி தெரிந்தது. 'இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.' பக்கத்தில் ஒரு கேக் படம். சாந்திதான் முதலில் சிரித்தாள். அப்புறம் தெரு முழுக்கச் சிரித்தது.

மச்சான் மட்டும் மாலையை வைத்துக்கொண்டு தவித்தார். சாவுக்கு என்று வாங்கிய மாலையைச் சாமிக்குப் போட முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்.

மல்லிகா அதைக் கேட்டு வாங்கினாள். என்னிடம் நீட்டினாள்.

"போடுங்க."

தெருவே பார்க்கிறது. நான் தயங்கினேன்.

"அன்னைக்கும் நீங்கதான போடப் போறீங்க. அது எனக்குத் தெரியவா போவுது? இப்பவே போட்டுடுங்க."

போட்டேன். ரோஜா மாலை நல்ல கனம். கல்யாணத்தில் குனிந்தவள் இந்தத் தடவை குனியவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள். சாந்தி போனில் படம் எடுத்தாள். மல்லிகா மாலையோடு திரும்பி, "புடவைய மறந்துடாத அண்ணே. கடை இன்னேரம் தெறந்துருக்கும்," என்றாள். அவரும் போய் எடுத்து வந்தார். பச்சை நிறம். அவளுக்கு எடுப்பாக இருக்கிறது.

ஒருநாள் என்று சொன்ன ஃப்ளெக்ஸ் இன்னும் இருக்கிறது. காற்றில் ஒரு மூலை அவிழ்ந்தது. நான்தான் ஏறிக் கட்டினேன். நேற்று ஸ்டூடியோக்காரரைப் பார்த்தேன். இந்த வாரம் எங்கள் பக்கத்திலிருந்து சில பெண்கள் வந்தார்களாம். எதற்கு என்று கேட்டால் "சும்மா" என்கிறார்களாம்.

உங்கள் வீட்டுப் பீரோவையும் ஒருதடவை திறந்து பாருங்கள். குரூப் போட்டோவில் இருப்பவரைத் தனியாக ஒரு படம் எடுத்து வையுங்கள். காரணம் கேட்டால், சும்மா என்று சொல்லுங்கள்.

சாந்தி எடுத்த படத்தில் மல்லிகா நன்றாக இருக்கிறாள். நான்தான் கண்ணை மூடியிருக்கிறேன்... என் ஃப்ளெக்ஸுக்கு வேறு படம்தான் எடுக்க வேண்டும்.