வீரபாண்டியில் மூடப்படும் சர்வர்

ஞாயிறு காலை ஆறே காலுக்குத் திண்டுக்கல்லில் பேருந்து ஏறினேன். திருப்பூருக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். தாராபுரம் தாண்டும்வரை பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

நான் பார்க்கப் போனது கோகிலாவை. பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனித்து அனுப்பும் மெர்ச்சண்டைசர். மூன்று ஆண்டுகளாகத் தினமும் எழுத்தில் பேசியிருக்கிறோம், குரலைக் கேட்டதில்லை. ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல், ஆளாளுக்கு ஒரு சர்வர் வைத்து ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளும் சமூக வலைத்தளத்தில், தமிழுக்கென்று சிறிய சர்வர் ஒன்றை அவர் நடத்திவந்தார். மாதக் கடைசியில் மூடப்போவதாக அறிவித்திருந்தார். வேண்டாம் என்று கேட்கத்தான் இந்தப் பயணம். தனியாக வாழும் எனக்குச் சாயங்காலங்களில் பேச வேறு இடமில்லை.

பத்து மணிக்குத் திருப்பூர். அங்கிருந்து பல்லடம் சாலையில் டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. வீரபாண்டி பிரிவில் கோகிலா ஸ்கூட்டியோடு நின்றிருந்தார்.

"இதுக்குன்னே இவ்வளவு தூரம் வந்தீங்களாக்கும்? வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

புதிதாக யாரும் சேருவதில்லை என்றார். சொல்லிக்கொடுத்தால் சேருவார்கள் என்று வாதிட்டேன். அவர் சிரித்துவிட்டு, மாடியில் குடியிருக்கும் செல்வியைக் கூப்பிட்டார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து தையல் வேலை பார்ப்பவர். செல்வியின் போனை வாங்கி நானே கணக்குத் தொடங்கினேன். முதல் கேள்வியே, எந்த சர்வர் என்றது.

"எதுலயாவது போடுங்கக்கா," என்றார் செல்வி.

மின்னஞ்சலில் உறுதிசெய்யச் சொன்னது. அதன் கடவுச்சொல் அவருக்கு நினைவில்லை. மீட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே போனதும் தங்கையின் பெயரைத் தேடினார், பிறகு மாமா மகள், பிறகு ஊர்ப்பெயர்.

"இங்க யாருமே இல்லியேக்கா." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆனா நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அவர் போனபிறகு கோகிலா சொன்னார்: "அசிங்கமா எழுதறவங்கள நீக்கறதும் நான், பாஸ்வேர்ட் மறந்தவங்களுக்குப் பதில் சொல்றதும் நான். ஷிப்மென்ட் நாள்லகூட. முடியலீங்க."

கேட்க வந்ததை நான் கேட்கவில்லை. என் கணக்கை வேறு சர்வருக்கு மாற்றித் தரச் சொன்னேன்.

"உங்கள ஃபாலோ பண்றவங்க கூடவே வந்துருவாங்க. எழுதுனது வராதுங்க."

என் மூன்று ஆண்டுப் பதிவுகளைத் தனிக் கோப்பாக இறக்கித் தந்தார். திறந்து பார்த்தேன். பாதிக்குமேல் அவருக்கு நான் எழுதிய பதில்கள்.

மூன்று மணிக்குத் திரும்பும் பேருந்து. கோகிலாவின் எண் இப்போது என் போனில் இருக்கிறது. அழைத்தால் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாய் திறப்பதே அரிது. நடத்துநரிடம் "திண்டுக்கல்" என்றபோதுதான் கவனித்தேன், பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.